என் வீட்டுக்காரர் பெயரில் ஏழு நாள்

“பாண்டியராஜன்.”

“போடியில இருந்து பாண்டியராஜன் வந்தாச்சுங்களா?”

கோயம்புத்தூரில் ஒரு மாடி வகுப்பறை. ஏசி குளிருக்குப் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கடைசி வரிசைக் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் ஏழு ஆண்கள். எல்லோருடைய சட்டைப் பையிலும் ஏதோ ஒரு தொழிற்சாலையின் பெயர் தைத்திருந்தது. யாரோ ஃபிளாஸ்கில் கொண்டு வந்திருந்த இஞ்சி டீ வாசனை அறை முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தது. கூப்பிட்ட பெயருக்கெல்லாம் கை எழுந்தது. இந்த ஒரு பெயருக்கு மட்டும் எழவில்லை.

வகுப்பு எடுக்கும் சரவணன் சார் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். “மேடம், அது நீங்கதானுங்களே?”

“ஆமா சார்” என்று கையைத் தூக்கினேன். வகுப்பு சிரித்தது. நாய் வேஷம் போட்டால் குரைத்துத்தானே ஆக வேண்டும்? அதற்குப் பிறகும் தினமும் காலை ஒன்பதரை மணிக்கு அந்தப் பெயருக்கு நான்தான் கை தூக்கினேன்.

பாண்டியராஜன் என் வீட்டுக்காரர். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்தப் பெயரை நான் வாய் திறந்து சொன்னதில்லை. எழுதுவேன், இதோ எழுதுகிறேனே. ரேஷன் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் அவர் பெயரைக் கேட்டால் பக்கத்தில் நிற்பவரைப் பார்ப்பேன், அவர் சொல்லிவிடுவார். இதைப் பெரிய பதிபக்தி என்று நினைத்துவிட வேண்டாம். கோபம் வந்தால் மற்ற எல்லா வார்த்தைகளையும் தாராளமாகச் சொல்லியிருக்கிறேன். பெயர் மட்டும் வராது. எங்கள் பக்கம் என் வயதுப் பெண்களில் இன்னும் பாதிப் பேர் இப்படித்தான்.

அவர் பெயரில் நான் எதற்குப் போய் உட்கார்ந்தேன் என்று சொல்ல, பட்டறைக்குத் திரும்ப வேண்டும்.

ஜீப்பில் வரும் சாம்பிள்

எங்கள் கடைசல் பட்டறைக்கு சி.என்.சி. லேத் வந்து இறங்கிய கதையைச் சென்ற வாரம் எழுதியிருந்தேன். படிக்காதவர்களுக்கு இரண்டு வரி: சாதா லேத்தில் கையால் சக்கரம் சுற்றிக் கடைய வேண்டும். இதில் எண்களாக எழுதிக் கொடுத்துவிட்டால் அதுவே படித்துப் பார்த்துக் கடைந்து தரும். எங்களுடையது செகண்ட் ஹேண்ட். இரும்பை மாட்டுவது, வெட்டும் டூலைப் பொருத்துவது, சத்தத்தை வைத்தே மெஷினுக்கு என்ன நோவு என்று சொல்வது எல்லாம் அவர். எண்களை எழுதுவது நான். கல்யாணத்துக்கு முன்னால் போடியில் ஏலக்காய் ஏலம் விடும் ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் தட்டியவள் என்ற ஒரே தகுதியில் அந்த வேலை என் தலையில் விழுந்தது. விழுந்ததை நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

எங்கள் தொழிலில் வாடிக்கையாளர் வரமாட்டார், சாமான் மட்டும் வரும். மலையில் ஏலத்தோட்டத்துக்கு மருந்தடிக்கும் பம்பு நின்றுபோனால், உடைந்த பாகத்தைக் கழற்றிச் சாக்கில் சுற்றி, சாயங்காலம் வேலையாட்களை இறக்கிவிட வரும் ஜீப்பில் போட்டு விடுவார்கள். டிரைவர் பட்டறை வாசலில் வைத்துவிட்டு, “இதே மாதிரி ஒண்ணு” என்பார். வரைபடமோ அளவோ கிடையாது. ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்து, ஆட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறும் காலை ஜீப்பில் புதியது போயாக வேண்டும்.

மெஷின் வந்த புதிதில் அப்படி ஒரு பம்பின் ஷாஃப்ட் வந்தது. “பன்னெண்டு வேணும்” என்று சொல்லிவிட்டிருந்தார்கள். நான் வெர்னியரை எடுத்து, ஓர் இடம் விடாமல் அளந்து, அப்படியே புரோகிராம் எழுதினேன். மெஷினும் அச்சுப் பிசகாமல் பன்னிரண்டு கடைந்து கொடுத்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மூன்றாம் நாள் பன்னிரண்டும் திரும்பி வந்தன. கொண்டு வந்த டிரைவர் பிஜு பூப்பாறைக்காரர், பாதி தமிழும் பாதி மலையாளமும் பேசுபவர். “சேச்சி, பழசு என்ன ஆட்டம் ஆடுச்சோ, அதே ஆட்டம் புதுசும் ஆடுது கேட்டோ” என்றார்.

என் வீட்டுக்காரர் ஷாஃப்டை வாங்கிக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவினார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“தேஞ்சுபோன சாமான அளந்து, தேஞ்சதையும் சேத்துல்ல புரோகிராம் போட்டிருக்கா! பன்னெண்டு பழைய சாமான புதுசா செஞ்சு குடுத்துட்டா எம்பொண்டாட்டி!”

அவருடைய கட்டைவிரலுக்குத் தெரியும், ஒரு ஷாஃப்ட் புதிதாக இருந்தபோது எவ்வளவு தடிமனாக இருந்தது என்று. எனக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து அவர் தடவிச் சொல்வார், நான் எழுதுவேன். எங்கள் குடும்பமும் பட்டறையும் அப்படித்தான் ஓடின.

தேதிக் காகிதத்தின் பின்பக்கம்

ஆனால் பித்தளை நாசில் விஷயத்தில் அவருடைய விரலும் உதவவில்லை. மருந்து பீய்ச்சும் குழாயின் முனையில் இருக்கும் சின்னப் பாகம் அது. உள்ளே புனல் போல வளைந்து வளைந்து குறுகும். ஒவ்வொரு வளைவும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கணக்குப் போட்டு எண்ணாக எழுத வேண்டும். கிழித்துப் போட்ட நாள்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் பென்சிலால் போடுவேன். ஒரு நாசிலுக்கு இரண்டு நாள் ஆகும்.

ஒரு முறை ஒரே ஓர் எண் பிசகிவிட்டது. டூல் நேராகப் போய், பித்தளையைக் கவ்விப் பிடித்துச் சுற்றிக்கொண்டிருந்த சக்கில் மோதியது. அந்தச் சத்தம் இப்போதும் என் பல்லில் இருக்கிறது. அவர் பாய்ந்து வந்து சிவப்புப் பொத்தானைத் தட்டினார். உடைந்த துண்டுகளைப் பொறுக்கினார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

இத்தனைக்கும் வழி எங்கள் மேசை மேலேயே இருந்தது. மெஷினோடு வந்த பழைய லேப்டாப்பில் லேத்துக்கு புரோகிராம் எழுதும் சாஃப்ட்வேர் ஒன்று இருந்தது. வடிவத்தை வரைந்து காட்டினால் போதும், எண்களை அதுவே எழுதிவிடும், கடைவதைத் திரையில் முன்கூட்டியே ஓட்டியும் காட்டும் என்றார் மெஷினை விற்றவர். எப்படி வரைவது என்று மட்டும் சொல்லாமல் போய்விட்டார். எனக்குத் தெரிந்தவை இரண்டே பொத்தான்கள். நூறு அறை உள்ள வீட்டை வாங்கிவிட்டுச் சமையலறையில் மட்டும் குடியிருப்பது போல இருந்தது. மற்ற கதவுகளை எல்லாம் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பேன். ஏதோ ஒரு பெட்டி திறந்து ஆங்கிலத்தில் ஏதோ கேட்கும். மூடிவிடுவேன்.

இணையத்தில் வீடியோக்கள் பார்த்தேன். பாதி இந்தியில். மீதி, முகம் காட்டாத யாரோ விறுவிறுவென்று அம்புக்குறியை ஓட்டிக்கொண்டு போகும் ரகம். மதுரையில் ஓர் இடத்தில் விசாரித்தால் கையால் எண் எழுதும் அடிப்படை மட்டும்தான் என்றார்கள், அதுதான் எனக்குத் தெரியுமே. சென்னையில் ஓர் இடத்தில், “பி.இ. முடிச்சிருக்கீங்களா?” என்று கேட்டார்கள். போனை நானே வைத்துவிட்டேன்.

அந்தக் கேள்வி சும்மா போகவில்லை. பழைய இடம் ஒன்றில் போய்க் குத்தியது.

சிலமலை டவுன் பஸ்

பிளஸ் டூவில் கணக்கில் நான் கெட்டிக்காரி. பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படிக்க விண்ணப்பம் வாங்கி, பூர்த்தி செய்து, போட்டோவும் ஒட்டி வைத்திருந்தேன். என் பிறந்த ஊர் சிலமலையில் எங்கள் அப்பா தோட்டத்திலிருந்து வந்து அதைப் படித்துப் பார்த்தார். கோபப்படவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்: “பொம்பளப் புள்ள இரும்பக் கடையப் படிச்சு என்னத்தா செய்யப் போற?”

அந்த வருஷம் அண்ணன் படித்தான். நான் டைப்பிங்கும் கம்ப்யூட்டரும் கற்றுக்கொள்ள டவுன் பஸ்ஸில் போடிக்குப் போனேன். அதே பஸ்ஸில் இரண்டு பெண்கள் பாலிடெக்னிக் போவார்கள். சுருட்டிய வரைபடத் தாள்கள் அவர்கள் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும். கூட்டத்தில் அந்தத் தாள் கசங்காமல் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொள்வார்கள். “கொடுங்க, நான் வச்சிருக்கேன்” என்று வாங்கி என் மடியில் வைத்துக்கொள்வேன். அதை வைத்துக்கொள்வதற்காகவே முண்டியடித்து ஏறி உட்கார இடம் பிடித்த நாள்கள் உண்டு.

பிறகு எங்கள் அப்பாவே தேடிப்பிடித்து இரும்பு கடைகிற வீட்டில்தான் என்னைக் கட்டிக்கொடுத்தார். விதிக்கும் கொஞ்சம் குறும்பு உண்டு.

எனக்கு வேண்டியிருந்தது சாஃப்ட்வேர் மட்டுமல்ல. முதல் நாள் ஒரு வகுப்பில் போய் உட்கார்ந்து, தலைப்பு எழுதிக் கோடு போட்டு, ஆரம்பத்திலிருந்து ஒருவர் சொல்லக் கேட்க வேண்டும். நாற்பது வயதைத் தாண்டியும் அந்த ஆசை போகவில்லை.

ஓனர் பேர் என்னங்க?

கடைசியில் கோயம்புத்தூரில் கிடைத்தது. லேத் சாஃப்ட்வேருக்கு மேல்நிலைப் பயிற்சி, பத்து நாள், தமிழிலேயே சொல்லித் தருவார்கள். பட்டப்படிப்பெல்லாம் கேட்கவில்லை. உடனே போன் போட்டேன்.

“எந்த ஊருங்க?”

“போடி.”

“கம்பெனிங்களா?”

“பட்டறை சார். சி.என்.சி. லேத்து ஒண்ணு வச்சிருக்கோம்.”

“சரிங்க. ஓனர் பேர் சொல்லுங்க, எழுதிக்கறேன்.”

என் பெயரைக் கேட்டிருந்தால் பட்டென்று சொல்லியிருப்பேன். அவர் கேட்டது ஓனர் பெயர். வழக்கம் போலப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தேன். ஓனர்தான் இருந்தார். “ஏங்க, பேரு கேக்குறாக” என்று போனை நீட்டினேன்.

அவர் கையை வேஸ்ட் துணியில் துடைத்துக்கொண்டு வாங்கினார். “பாண்டியராஜன். லேத் பாண்டின்னா பஸ் ஸ்டாண்டு ஆட்டோக்காரனே கொண்டாந்து விட்ருவான்” என்றார். பிறகு இரண்டு முறை “சரிங்க, சரிங்க” என்று சொல்லி வைத்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் செய்தி வந்தது. பயிற்சிக்கு இடம் உறுதி. பயிற்சி பெறுபவர்: பாண்டியராஜன்.

ஓனருக்காகச் சொன்ன பெயரைப் படிக்க வருகிறவர் பெயராக ஏற்றிவிட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. போனை நீட்டியது நான்தானே.

“எம்பேருக்குல்ல வந்திருக்கு!” அவர் முகத்தில் ஒரு வெளிச்சம். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். இத்தனை வருஷத்தில் படிக்க வா என்று யாரும் அவரைக் கூப்பிட்டதில்லை. “சரி, நானே போறேன் புள்ள. லேத்துதான, நமக்குத் தெரியாததா?”

அதைப் பார்த்த பிறகு என்ன சொல்வது? “நான் போறேங்க” என்ற இரண்டு வார்த்தையைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அவருடைய சட்டைகளை இஸ்திரி போட்டுப் பையில் அடுக்கினேன். புது நோட்டு ஒன்று வாங்கி வைத்தேன். அதை வைக்கும்போது அழுகை வந்தது, அழுதேன்.

ஆடத் தெரியாதவர்

மூன்றாம் நாள் சாயங்காலம் பையோடு வந்து நின்றார்.

“என்னங்க, பத்து நாளுன்னாக?”

“அது நமக்கு ஆகாது புள்ள. மூணு நாளா ஒரு பொட்டு இரும்பக் கண்ணுல காட்டல. வெட்டுற சத்தம் கேக்காம என்ன லேத்து அது? ஏட்டுச் சுரைக்கா கறிக்கு ஆகுமா? ஏசியில கழுத்து வேற பிடிச்சுக்கிருச்சு.”

“ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்” என்றேன்.

அவர் சிரித்தார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டே, “வாத்தியார்ட்ட கேட்டுட்டேன். மிச்ச ஏழு நாளைக்கு சம்சாரத்த அனுப்பலாமான்னு. வரட்டும்ன்டாரு. பேரத்தான் மாத்த முடியாதாம். வெரசா கெளம்பு, காலையில பஸ்சு” என்றார்.

மகள் மதுரையில் ஹாஸ்டலில் இருந்தாள். வீட்டில் நாங்கள் இருவர்தான். எனக்குத் தடை சொல்ல யாரும் இல்லை. விடிந்ததும் பஸ் ஏறிவிட்டேன். அன்று பாதி நாள் பயணத்திலேயே போயிற்று, என்னை உள்ளே விட்டது அவர்களுடைய பெரிய மனது. மறுநாள் காலை பெயர் கூப்பிட்டபோதுதான் நான் திருதிருவென்று விழித்தது. கம்ப்யூட்டரைத் திறக்கவும் அவர் பெயரைத்தான் தட்ட வேண்டியிருந்தது.

வழியில் பழனி தாண்டும்வரை அவருடைய நோட்டைப் படித்திருந்தேன். முதல் நாள் பக்கத்தில் சக்கின் படம் ஒன்று, கையால் வரைந்தது, அச்சு அசலாக இருந்தது. அதன் கீழே “ஏசி ஜாஸ்தி.” இரண்டாம் நாள்: “சாம்பார் இனிக்குது.” மூன்றாம் நாள் பக்கம் காலி.

இடைவேளைக்குப் பிறகு

படத்துக்கு இடைவேளைக்குப் பிறகு போனால் எப்படி இருக்கும்? எல்லோரும் சிரிப்பார்கள், எல்லோரும் அழுவார்கள். யார் யாருக்குப் பிள்ளை என்று உங்களுக்குத் தெரியாது. என் நிலைமை அதுதான்.

“இதை முதல் நாளே பாத்துட்டமுங்க, மேல போவோம்” என்பார் சரவணன் சார். ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது அது வரும். ஏழு பேரும் தலையாட்டுவார்கள். நானும் ஆட்டுவேன். டீ நேரத்தில் போய்க் கேட்டால் பொறுமையாகச் சொல்லித் தருவார். ஆனால் மூன்று நாளைப் பத்து நிமிஷத்தில் யார் சொல்ல முடியும்? பக்கத்து இருக்கைத் தம்பி நோட்டைக் கொடுத்தார். எழுதியதைப் பார்த்து எழுதினேன். என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தது. ஏன் என்று தெரியவில்லை.

ஆனாலும் விடவில்லை. கடைசி நாளுக்கு முந்தின நாள், அவரவர் பட்டறை வேலை ஒன்றைச் செய்யச் சொன்னார்கள். நான் நாசிலை வரைந்தேன். வளைவுகளை அதுவே பிடித்துக்கொண்டது. பொத்தானை அழுத்தினேன். திரையில் டூல் மெல்ல உள்ளே போய், புனல் போல வளைந்து, எங்கும் மோதாமல் வெளியே வந்தது. நான் இரண்டு நாள் காகிதத்தில் கிறுக்குவதை அது ஒரு மூச்சில் முடித்துவிட்டது. மறுபடி ஓட்டினேன். மறுபடியும். “மேடம், சரியாத்தானுங்க இருக்குது, போதும்” என்று சார் சொல்லும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஊருக்கு வந்ததும் முதல் நாசிலைப் பித்தளையில் கடைந்தோம். அவர் அதை விரலால் தடவி, கண்ணுக்கு நேரே பிடித்து உள்ளே பார்த்து, “கெட்டிக்காரி” என்றார். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் லேப்டாப்பைத் திறக்கும்போதெல்லாம் அந்த முதல் மூன்று நாளில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று ஏங்குவேன். சில இடங்களில் பழக்கத்தில்தான் அழுத்துகிறேன், புரிந்து இல்லை. அது எனக்கு மட்டுமே தெரிந்த குறை.

சுவரில் மாட்டியது

சான்றிதழ் கூரியரில் வந்தது. பாண்டியராஜன், சிறப்பாக முடித்தார். அவர் அதை மேசை டிராயரில் போட்டுவிட்டார். எடுத்துச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியது நான்தான். பெயர் யாருடையதாக இருந்தால் என்ன, அதில் ஏழு நாள் என்னுடையது.

ஒரு சாயங்காலம் நாசில் வாங்க வந்த பிஜு அண்ணாந்து பார்த்தார். “பாண்டி அண்ணே! கோயமுத்தூர் போயி படிச்சு பாஸாயோ! அதான் நாசில் கொள்ளாம், அருமையா இருக்கு.”

“நான் எங்கடா படிச்சேன்? மூணு நாள்ல ஓடியாந்துட்டேன். படிச்சது இவ.”

பிஜு ஒரு விநாடி என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். “அண்ணனோட ஒரு தமாசு!” என்று ஜீப்பைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

“நெசமாத்தான்டா சொல்றேன்” என்று என் வீட்டுக்காரர் ஜீப்பின் பின்னால் நாலடி ஓடினார். திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். அன்று அவர் மெஷினைத் தொடவில்லை.

மறுநாள் காலை கோயம்புத்தூருக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டு, குரலை உயர்த்திப் பேசினார். “படிச்சது எஞ்சம்சாரம் சார். அந்தப் பேப்பர்ல எம்பேர எடுத்துட்டு ராஜேஸ்வரின்னு போட்டுக் குடுங்க.”

“மேடத்தை நல்லா ஞாபகம் இருக்குதுங்க” என்றார் சரவணன் சார். “ஆனா மாத்திக் குடுக்க வழியே இல்லைங்களே. அவங்க பேர்ல வேணும்னா அவங்களே புதுசா சேரணும். பத்து நாளும் வரணுங்க, முதல் நாள்ல இருந்து.”

“தெரிஞ்சவளுக்கே மறுபடியுமா?”

“ரூல்சுங்க. ஒரு நாள்கூட விட முடியாது.”

போனை வைத்துவிட்டுக் கொதித்தார். “அநியாயம் புள்ள! ஏழு நாள் உக்காந்து படிச்சவள, மறுபடியும் ஆனா ஆவன்னாவுல இருந்து வரச் சொல்றான். பத்து நாளு! முத நாள்ல இருந்தாம்ல! நீ போக வேணாம், நான் வேற எடத்துல கேக்குறேன்.”

அவர் திட்டிக்கொண்டே இருந்தார். அவ்வளவு நியாயமான கோபத்துக்கு எதிரே மலர்ந்துவிட்ட என் முகத்தைக் காட்ட முடியாமல், சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

“இல்லங்க” என்றேன். “ரூல்சுன்னா ரூல்சுதான். நான் போயிட்டு வர்றேன்.”